தேன்பெட்டிகளுக்கு ஸ்பானிஷ் தெரியாது

ஜெர்மன் கற்றுக்கொண்டால் என்னென்ன கிடைக்கும் என்று எங்கள் வகுப்புச் சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது. வேலை கிடைக்கும், நல்ல சம்பளம் கிடைக்கும், பிள்ளைகளுக்குக் காசில்லாத படிப்பு கிடைக்கும், வயதான காலத்தில் மூளை துருப்பிடிக்காது. கீழே பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு நர்ஸின் படம். அந்தத் தாளில் பொய் எதுவும் இல்லை. பாதியை எழுதாமல் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

நான் யோலா. பிறந்தது சிலோயே தீவில், பிழைக்க வந்தது லியாங்கிவே ஏரிக்கரைக்கு. வயதானவர்களைத் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, மாத்திரை கொடுக்கிற வேலை. என் மகள் அம்பாரோவுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே இளைப்பு. இங்கே வருஷத்தில் பாதி மழை, மீதி ஈரம். வீட்டுக்கு வீடு விறகடுப்பு. குளிர்காலம் வந்தால் அவள் மூச்சு விசிலடிக்கும். அதைக் கேட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். ஜெர்மனியில் ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் வேண்டுமாம், பேச்சுத் தேர்வில் தேறினால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகலாமாம். புகையில்லாத ஊரில் அவள் மூச்சு விட வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை.

நான் சனிக்கிழமை வகுப்புக்குப் போகிறேன் என்று கேள்விப்பட்டுத்தான் இங்க்ரித் என்னைத் தேடி வந்தாள். ஊருக்கு வெளியே ஏரியைப் பார்த்தபடி இருக்கும் பெரிய மரவீடு அவள் அப்பா எர்வினுடையது, ஊரே மரியாதையாக டோன் எர்வின் என்றுதான் சொல்லும். ஒரு காலத்தில் கப்பலில் வந்து காட்டை வெட்டிக் குடியேறிய ஜெர்மன்காரர்களின் வம்சம். பக்கவாதம் வந்ததில் கிழவருடைய கைகால் தப்பித்தது, ஊரே பேசுகிற ஸ்பானிஷ் போய்விட்டது. குழந்தையில் பேசிய ஜெர்மன் மட்டும் மிச்சம். மகளுக்கோ ஜெர்மனில் கேக்குகளின் பெயரைத் தவிர ஒன்றும் தெரியாது.

"இதோ பாரு யோலா, உனக்குப் படிச்ச மாதிரியும் ஆச்சு, எனக்கு நிம்மதியா இருந்த மாதிரியும் ஆச்சு," என்றாள் இங்க்ரித். "அவர் தண்ணி கேக்கறாரா, என்னைத் திட்டறாரான்னே எனக்குத் தெரிய மாட்டேங்குது."

"ரெண்டையும் சேத்தே செய்யறாரோ என்னவோ, சென்யோரா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இங்க்ரித் கெட்டவள் இல்லை. புவர்த்தோ மோந்த் நகரத்தில் வீடு விற்கிற தொழில், நிற்க நேரமில்லாதவள்.

நானும் அம்பாரோவும் அந்த வீட்டுக்கே குடிபோனோம். டோன் எர்வினுக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம் எப்படி என்றால், பேசிப் பேசி முதல் வாரமே தொண்டை கட்டிக்கொண்டது. வீட்டின் பின்னால் ஆப்பிள் மரங்களுக்கு அடியில் வரிசையாகத் தேன்பெட்டிகள், எதிரே ஒரு பெஞ்சு. அங்கேதான் உட்காருவார். தேனீக்களிடமும் ஜெர்மனில்தான் பேச்சு. மழை வரப்போகிறது, உருளைக்கிழங்கு விலை ஏறிவிட்டது, புதிதாக யோலா என்று ஒருத்தி வந்திருக்கிறாள், கொட்டாதீர்கள், நல்லவள்தான்.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். வீட்டு எஜமான் இறந்தால், வீட்டுச் சாவியால் ஒவ்வொரு பெட்டியையும் தட்டிச் செய்தியைச் சொல்ல வேண்டும். அவருடைய அப்பா இறந்தபோது இவர்தான் சொன்னாராம்.

"சொல்லலைன்னா என்ன ஆகும், டோன் எர்வின்?"

"என்ன ஆகும், அதுங்க அவர் இருக்கார்னே நெனச்சுக்கும். அதுங்களுக்குத் தெரியலைன்னா செத்தவருக்கும் தெரியாது. பாவம், வேலையைப் பாத்துக்கிட்டே இருப்பார்."

ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள், டோன் எர்வின் காலைக் காப்பியை முழுதாகக் குடித்து முடித்துவிட்டு இறந்துபோனார். அடக்கத்தன்று வழக்கத்தைப் பற்றி நான் இங்க்ரித்திடம் சொன்னேன். "எங்க அப்பாவுக்கு இது நான் செய்ய வேண்டியது," என்று சாவியை வாங்கிக்கொண்டாள். குதிகால் செருப்பு சேற்றில் புதையப் புதையப் போய், அழுதுகொண்டே ஒவ்வொரு பெட்டியையும் தட்டி, "அப்பா போய்ட்டார்," என்று சொன்னாள். சொன்னது ஸ்பானிஷில். அவளுக்கு வேறு எது தெரியும்? அந்தப் பெட்டிகளிடம் அதுவரைக்கும் யாரும் ஒரு வார்த்தைகூட ஸ்பானிஷில் பேசியதில்லை என்பது எனக்குத் தெரியும். சொல்லலாமா என்று பார்த்தேன். அழுகிற மகளிடம் போய் வேலைக்காரி பாஷை சரியில்லை என்றால் நன்றாகவா இருக்கும்? சும்மா இருந்துவிட்டேன்.

வீடு விற்கும்வரை நாங்கள் அங்கேயே இருந்து பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. செப்டம்பரில் ஒரு காலை, அம்பாரோ பள்ளிக்கூடம் போன பிறகு, தேர்வுக்காக உரக்கப் பேசிப் பழகலாம் என்று பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். தலைப்பு, என் அன்றாட வாழ்க்கை. காலையில் எழுந்து அடுப்பு மூட்டுகிறேன் என்று ஜெர்மனில் ஆரம்பித்தேன்.

"மெதுவா. யாரு தொரத்தறாங்க உன்னை?"

டோன் எர்வினின் குரல். பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவாரே, அந்தச் செருமலும் இருந்தது. ஒரு பெட்டியிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. எல்லாப் பெட்டிகளின் ரீங்காரத்துக்குள்ளும் அது இருந்தது. பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் பலகை லேசாகத் தாழ்ந்திருந்தது.

மயிர்க்கால் எல்லாம் நட்டுக்கொண்டு நின்றன. ஆனால் நான் தீவுக்காரி. செத்தவர்கள் வந்துபோவதைப் பற்றி எங்கள் பக்கத்தில் உருளைக்கிழங்கு துருவிக்கொண்டே பேசுவோம். டோன் எர்வின், நீங்க செத்துட்டீங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "அடுப்பு மூட்டினதுக்கப்புறம்? சொல்லு," என்றார்.

சொன்னேன். அவர் திருத்தினார். மறுபடி சொன்னேன். மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும். ஓசியில் வாத்தியார் கிடைத்தால் உயிரோடு இருக்கிறாரா என்றா கேட்பார்கள்? அவருக்குத் தான் செத்தது தெரியாது. எனக்கு அது வசதியாக இருந்தது.

வகுப்பில் லெயோநோர் டீச்சர் என்னை வெறித்துப் பார்க்க ஆரம்பித்தாள். அவள் ஜெர்மனியில், ப்ரேமெனில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவள்.

"ஏய் யோலா, எங்க பிடிச்ச இந்தப் பேச்சை? செத்துப்போன என் மாமனார் பேசற மாதிரியே இருக்கு."

"வயசானவரைப் பாத்துக்கிட்டேன்ல, டீச்சர்."

"அவர் இருந்தப்போ நீ தத்தக்கா பித்தக்கான்னுதானே பேசின?"

"ஆறவெச்சாத்தானே கெட்டியாகும்."

வகுப்பே சிரித்தது. தேறிவிடுவாய், கண்ணை மூடிக்கொண்டு தேறிவிடுவாய் என்றாள் டீச்சர். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன். அம்பாரோவுக்கு ஜெர்மனியில் என்ன நிறத்தில் கோட்டு வாங்கலாம் என்று யோசித்தேன்.

முதலில் போனது அகப்பைக்கான சொல். சூப் ஊற்றுவதற்காகக் கையை நீட்டி, "அதை எடு," என்றேன் அம்பாரோவிடம். எதை என்றாள். சொல்ல வரவில்லை. ஜெர்மன் பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது, ஸ்பானிஷ் பெயர் இருந்த இடம் காலி. அடுத்து மழைக்கான சொல் போயிற்று.

"அம்மா, இங்க வருஷம் பூரா அதுதானே பெய்யுது? அதைப் போயா மறப்ப?"

"வயசாயிடுச்சுடி."

"நேத்துதானே ரொட்டிக்கடையில வயசைக் கொறச்சுச் சொன்ன?"

லெயோநோர் டீச்சரிடம் கேட்டேன். "நல்ல அறிகுறி. புதுசு உள்ள வந்தா பழசு கொஞ்சம் ஒதுங்கிக்கும். எனக்கும் அப்படித்தான், திரும்பி வந்துடும்," என்றாள். எனக்குத் திரும்பி வரவில்லை. ரொட்டிக்கடையில் ரொட்டி கேட்க முடியாமல் விரலால் காட்டினேன். "சீமைக்காரி ஆயிட்டியா, யோலா? எங்களோட எல்லாம் பேச மாட்டியா?" என்று கடைக்காரி கேலி செய்தாள். பதில் சொல்லத் தெரியாமல் சிரித்துவிட்டு வந்தேன். பெஞ்சுக்குப் போவதை நிறுத்திவிட வேண்டும் என்று நினைத்தேன். தேர்வு பக்கத்தில் வந்துவிட்டது, அதுவரைக்கும் என்று தள்ளிப்போட்டேன்.

அக்டோபரில் ஒருநாள் மத்தியானம், பக்கத்து நிலத்தில் ஈரக் கிளைகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். புகை எங்கள் வேலியைத் தாண்டி வந்து நின்றது. ஜன்னல்களை அடைத்தேன். அம்பாரோவுக்கு மூச்சு இழுத்தது. இன்ஹேலரை இரண்டு முறை அடித்தும் கேட்கவில்லை, மூன்றாவது முறை அது காலி. உதடு நீலம் பாரிக்க ஆரம்பித்தது. இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்? ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். பிள்ளையின் வயது, எவ்வளவு நேரமாக இழுக்கிறது, என்ன மருந்து கொடுத்தேன், வீட்டுக்கு எந்த வழியில் திரும்ப வேண்டும், எல்லாம் கோர்வையாக, ஒரு பிசகு இல்லாமல் சொன்னேன். எல்லாம் ஜெர்மனில்.

அந்தப் பக்கம் ஒரு பெண் ஏதோ கேட்டாள். அவள் குரல் கேட்டது, அதில் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. நான் மறுபடி சொன்னேன். கத்தினேன். என் வாயிலிருந்து அந்த ஒரு பாஷைதான் வந்தது.

அம்பாரோ என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் ஒவ்வொரு சொல்லாக அவளே பேசினாள். என்ன பேசினாள் என்று எனக்குப் புரியவில்லை. ஆம்புலன்ஸ் டிரைவர் சொல்லிப் பின்னால்தான் தெரிந்தது. "ஏரிப் பக்கம், பச்சை வீடு. எனக்கு மூச்சு விட முடியல. எங்க அம்மாவுக்குப் பேச வரல. நீங்க வாங்க."

வந்தார்கள். முகமூடி வைத்ததும் உதட்டில் நிறம் திரும்பியது. மருத்துவமனையில் ஒரு பெண் என்னிடம் ஏதேதோ கேட்டுப் பார்த்துவிட்டு, சுற்றுலா வந்தவள் என்று நினைத்து, சைகையால் உட்காரச் சொன்னாள். நான் என் மகளின் கையைப் பிடித்தேன். அவள் என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். நான் விழித்தேன். இன்னொரு தடவை சொன்னாள், மெதுவாக, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல. அதற்கும் நான் விழித்ததும் அவள் கையை உருவிக்கொண்டாள். என் பிள்ளை என்னைப் பார்த்துப் பயந்தாள். அந்தப் பார்வையை நான் எந்தப் பாஷையிலும் சொல்ல மாட்டேன்.

அவளை ஒரு நாள் அங்கேயே வைத்துப் பார்க்கப்போகிறார்கள் என்று சைகையிலேயே புரியவைத்தார்கள். மறுநாள் காலை நான் வீட்டுக்கு வந்து, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு ஆப்பிள் மரத்தடிக்குப் போனேன். மழை விட்டிருந்தது. தேனீக்கள் வெளியே வரவில்லை, உள்ளே இரைந்துகொண்டிருந்தன.

"அந்தச் சாவி எதுக்கு, யோலா?"

நான் முதல் பெட்டியின் முன்னால் போய் நின்றேன்.

"யாரு செத்துட்டாங்க? இங்க்ரித்துக்கு ஒண்ணும் இல்லையே?"

அழுகை வந்துவிட்டது. அந்த மனுஷன் மேல் எனக்குக் கோபம் இருந்தது, கொலைவெறியே இருந்தது. ஆனாலும் அவர் மகளைத்தானே முதலில் கேட்டார். முதல் பெட்டியைச் சாவியால் தட்டினேன். "உங்க எஜமான் டோன் எர்வின் செத்துட்டார். அடக்கமும் ஆயிடுச்சு," என்றேன், அவர் சொல்லிக்கொடுத்த அதே ஜெர்மனில்.

பெட்டியின் இரைச்சல் சட்டென்று நின்றது. பிறகு வேறொரு சுருதியில் தொடங்கியது. அதே நேரத்தில் மழைக்கான சொல் என் வாய்க்குள் வந்து விழுந்தது.

"நானா?" என்றார் அவர்.

இரண்டாவது பெட்டி. அகப்பை திரும்பியது. ரொட்டி திரும்பியது. ஒவ்வொரு பெட்டிக்கும் அவர் குரல் மெலிந்துகொண்டே வந்தது. பெஞ்சிலிருந்து எழுந்து என்கூடவே வருகிறார் என்று தெரிந்தது. ஈரப் புல் எனக்குப் பக்கத்தில் மடிந்து மடிந்து நிமிர்ந்தது.

"நான் வேணும்னு எடுக்கல, யோலா. நீ எடம் குடுத்த, நான் உக்காந்தேன்."

"என் பொண்ணு பேசறது எனக்குப் புரியல, டோன் எர்வின்."

"என் பொண்ணு பேசினது எனக்கும்தான் புரியல. நாலு வருஷம்."

தட்டிக்கொண்டே போனேன். கடைசிப் பெட்டிக்கு வந்தபோது அவர் குரல் காதோடு பேசுவதுபோல ஆகிவிட்டது. "இதை மட்டும் விட்டுடேன். நான் பேச மாட்டேன். உன்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டேன். ஒரு ஓரமா இருந்துக்கறேன்."

நான் வாய்க்குள் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். அடுப்பு, விறகு, ஏரி, மருந்து, மூச்சு. எங்கள் தீவின் பெயர், என் அம்மாவின் பெயர், பிரார்த்தனைகள், கெட்ட வார்த்தைகள். எல்லாம் ஸ்பானிஷில் அப்படியே இருந்தன. ஒன்றும் குறையவில்லை என்று நினைத்தேன். போகட்டும், கிழவர் ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அம்பாரோவை அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். "அம்மா, என்ன சொல்றேன்னு இப்பப் புரியுதா?" என்று கேட்டாள். புரியுது என்றேன். கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். மறுநாள் காலை ரொட்டியைச் சுட்டு வெண்ணெய் தடவி வைத்துவிட்டு, சாப்பிட வரச்சொல்லி அவளைக் கூப்பிட வாயைத் திறந்தேன்.

அம்பாரோ என்பது பள்ளிக்கூடத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் வைத்த பெயர். வீட்டில் நான் அவளை வேறு பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். பிறந்த அன்றைக்கே என் வாயில் வந்த பெயர், வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்தப் பெயர் இல்லை. திறந்த வாயோடு அடுப்படியில் நின்றேன்.

சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கடைசிப் பெட்டியின் மூடியைத் தூக்கினால் உள்ளே அடைகள் மட்டும் இருந்தன, ஒரு தேனீகூட இல்லை. இங்கே அக்டோபர் என்றால் வசந்தகாலம், அப்போது கூட்டம் கிளம்பிப்போவது உண்டுதான். வேலிக்கு அப்பால் மலைச்சரிவு, அதன் மேல் முழுக்கக் காடு. அங்கே போய் மரத்துக்கு மரம் நின்று, டோன் எர்வின் செத்துட்டார், செத்துட்டார் என்று ஜெர்மனில் கத்தினேன். எங்கோ ஒரு பறவை கத்தியது, அவ்வளவுதான். பேச மாட்டேன், கேட்க மாட்டேன் என்றார். கூப்பிட மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை.

தேர்வில் தேறிவிட்டேன். இழுத்துப் பறித்துத்தான் தேறினேன், வகுப்பில் படித்த ஜெர்மனை வைத்துக்கொண்டு. என் பழைய பேச்சு எங்கே போயிற்று என்று லெயோநோர் டீச்சருக்கு வருத்தம். மார்ச் மாதக் கடைசியில் நாங்கள் கிளம்புகிறோம். அந்தப் பெயர் என்னவென்று அம்பாரோவிடம் கேட்டேன். முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு சொன்னாள். காதில் விழும்போது அது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று தெரிகிறது. திருப்பிச் சொல்ல வாய் திறப்பதற்குள் போய்விடுகிறது. கொஞ்ச நாள் காலைதோறும் சொல்லித் தந்தாள். இப்போது சொல்லித் தருவதில்லை. இங்கே அதை எழுத முடிந்தால் எழுதியிருப்பேன்.

இப்போது பிப்ரவரி. சரிவு முழுக்க உல்மோ மரங்கள் பூத்து வெள்ளையாக நிற்கின்றன. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் தேன் வாசனையோடு இரைச்சலும் வருகிறது. முற்றத்தில் விளையாடிக்கொண்டிருக்கும் அம்பாரோ சில சமயம் சட்டென்று நிற்கிறாள். காட்டின் பக்கம் தலையைத் திருப்புகிறாள். வேலிவரைக்கும் போய், அங்கே நின்று என்னைத் திரும்பிப் பார்க்கிறாள்.

"அம்மா, அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டியா?"

"ஆமாடி, நான்தான் கூப்பிட்டேன். இங்க வா."